கேத்தலில் படியும் வெள்ளை: வன்னியில் ஓர்கிட்டுக்கு எந்தத் தண்ணீர்?

பூத்த ஓர்கிட் சாடியொன்றைக் கண்டிப் பக்கமிருந்து வாங்கி வந்து கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ விறாந்தையில் தொங்கவிட்டால், முதற்பூ உதிரும்வரை ஒரு குறையும் தெரியாது. ஆறேழு மாதத்தில் இலை நுனி கருகத் தொடங்கும். புது வேர் இரண்டு அங்குலம் வளர்வதற்குள் முனை கபில நிறமாகி நின்றுவிடும். "எங்கட வெக்கைக்கு இது சரிவராது" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவோம்.

வெக்கையும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வண்டா டெசலேட்டா என்ற ஓர்கிட் இலங்கையின் உலர் வலயத்துக் காடுகளில் இயல்பாகவே வளர்வது. மரக் கிளையில் வேரைச் சுற்றிக்கொண்டு இதே வெயிலிலும் இதே கச்சான் காற்றிலும் பூக்கிறது. நிலத்தோடு அதற்குத் தொடர்பில்லை, குடிப்பது மழையும் பனியும் மட்டுமே. விறாந்தைச் சாடிக்கு நாம் ஊற்றுவது கிணற்று நீர். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

குடிக்க நல்ல தண்ணீர், சாடிக்கு நல்ல தண்ணீர் இரண்டும் ஒன்றல்ல. குடிநீரில் முதலில் பார்ப்பது கிருமியை. ஓர்கிட்டுக்கு முதலில் பார்க்கவேண்டியது தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது, எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை. மழைத்துளி நிலத்துக்குள் இறங்கிப் பாறை இடுக்குகளில் கிடக்கும் காலத்தில் கல்சியம், மக்னீசியம், சோடியம், பைகாபனேற்று, குளோரைட்டு என்று எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. வன்னியின் பெரும்பகுதி மிகப் பழைய கருங்கற் பாறை நிலம். மன்னார், பூநகரிக் கரையோரங்களில் சுண்ணாம்புக்கல். எங்கே கிணறு வெட்டினாலும் நீரில் ஏதோ ஒன்று கரைந்துதான் வரும். கோடையில் கிணறு வற்ற வற்ற அது செறிவாகும். மாசியில் இனித்த கிணறு ஆவணியில் சவர்க்கிறது என்றால் காரணம் இதுதான்.

ஓர்கிட் ஏன் இதைத் தாங்காது என்பதற்கு அதன் வேரைப் பார்க்கவேண்டும். காய்ந்திருக்கும்போது வேர் வெள்ளையாகத் தெரியும், தண்ணீர் பட்டதும் பச்சையாக மாறும். அந்த வெள்ளை, இறந்த கலங்களாலான பஞ்சு போன்ற உறை. மழை பெய்யும் சில நிமிடத்தில் அகப்பட்டதை உறிஞ்சி வைத்துக்கொள்வதற்காக அமைந்தது. மழையில் உப்பு இல்லாததால், உப்பை விலக்கும் ஏற்பாடு அதற்குப் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. உவர் நீரை ஊற்றினால் பஞ்சு அதையும் உறிஞ்சும். தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். கருவாடு போடும்போது மீனில் உப்பைத் தடவினால் மீனின் நீர் வெளியே வடிகிறது அல்லவா? வேர் முனையிலும் அதே வேலைதான் நடக்கிறது. சாடி ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம், இன்னும் உப்புச் சேரும்.

எவ்வளவு சேரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லீற்றருக்கு 800 மில்லிகிராம் கரைந்திருக்கும் கிணற்று நீரை ஒரு தடவைக்கு 250 மில்லிலீற்றர் ஊற்றுகிறீர்கள். அதில் 200 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. கிழமைக்கு மூன்று தடவை என்றால் 600 மில்லிகிராம், ஒரு மாதத்தில் ஏறக்குறைய இரண்டரைக் கிராம். அடியால் வடியாமல் அளந்து ஊற்றுபவரின் சாடியில் மாதந்தோறும் அரைத் தேக்கரண்டி உப்புக் கொட்டுவதற்குச் சமம். முற்றத்து மண்ணில் நிற்கும் செடிக்கு இந்தக் கதி இல்லை, கார்த்திகை மழை எல்லாவற்றையும் கழுவிக் கீழே இறக்கிவிடும். விறாந்தைக் கூரைக்குக் கீழே தொங்கும் சாடி வருடம் முழுவதும் ஒரு மழையும் காணாது.

உங்கள் தண்ணீர் எப்படி என்று அறிய

கேத்தலின் உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளைப் படிவு தடித்திருந்தால் தண்ணீர் கடினமானது, அதாவது கல்சியமும் மக்னீசியமும் கூடியது. சவர்க்காரம் நுரைக்க மறுத்தாலும் அதே பொருள்தான். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துளி மழைநீரும் பக்கத்தில் ஒரு துளி கிணற்று நீரும் விட்டுக் காயவிடுங்கள். கிணற்றுத் துளி நின்ற இடத்தில் வெள்ளை வட்டம் தெளிவாக விழுந்தால், அந்த வட்டம்தான் வேரிலும் விழுகிறது. நாக்கை நம்பவேண்டாம். நாக்குக்கு உப்புத் தெரியும் அளவு வருமுன்பே ஓர்கிட்டுக்கு எல்லை தாண்டிவிடும்.

சரியான வழி ரி.டி.எஸ். மீற்றர். பேனை மாதிரி ஒரு சிறு கருவி, நீர் வடிகட்டிச் சாமான் விற்கும் கடைகளிலும் மீன்தொட்டிக் கடைகளிலும் கிடைக்கும். முனையை நீரில் விட்டால் கரைந்திருப்பது எவ்வளவு என்று லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் எண் காட்டும். சில கருவிகள் மைக்ரோசீமன்ஸ் அலகில் மின்கடத்துதிறனைக் காட்டும். அதை ஏறக்குறைய இரண்டால் வகுத்தால் ரி.டி.எஸ். வந்துவிடும். 100க்குள் இருந்தால் எந்த ஓர்கிட்டுக்கும் யோசிக்காமல் ஊற்றலாம். 200 வரை பலனொப்சிஸ் என்ற மென்மையான ஓர்கிட் வகை கூடச் சமாளிக்கும், மாதம் ஒருமுறை சாடியைக் கழுவினால் போதும். 200க்கும் 400க்கும் இடையில் டென்ட்ரோபியம் போன்ற கொஞ்சம் முரடான ஓர்கிட் வகைகள் மெல்ல மெல்ல ஓடும், ஆனால் பூ குறையும். 500 தாண்டினால் தனியாக ஊற்றுவதை விட்டுவிடுங்கள். இந்த எண்கள் எல்லாம் பசளை கலக்க முன்னர் உள்ளவை.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். மீற்றர் எவ்வளவு என்றுதான் சொல்லும், என்ன என்று சொல்லாது. 400 என்று காட்டும் இரண்டு கிணறுகளில் ஒன்றில் பெரும்பாலும் சுண்ணாம்பும் மற்றதில் பெரும்பாலும் சோடியமும் இருக்கலாம். சுண்ணாம்புக் கிணறு மெதுவாகத்தான் கெடுக்கும். அதிலுள்ள பைகாபனேற்று, சாடிக்குள் நிரப்பிய கரி, ஓட்டுத் துண்டு போன்ற ஊடகத்தின் பி.எச். அளவை, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை, கூட்டிக்கொண்டே போகும். ஓர்கிட்டுக்கு வேண்டியது 5.5க்கும் 6.5க்கும் இடையில். 7ஐத் தாண்டினால் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்கமுடியாது, இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வரும். சோடியக் கிணறு நேரே வேரைச் சுடும். கேத்தலில் தடித்த படிவு இருந்தால் முதல் வகை. படிவு குறைவாக இருந்தும் மீற்றர் எண் ஏறியிருந்தால் இரண்டாம் வகையைச் சந்தேகிக்கவேண்டும்.

முதல் வகைக்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது: கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல் நீரை மெல்ல வடித்தெடுப்பது. பைகாபனேற்றாக இருந்த சுண்ணாம்பின் ஒரு பகுதி அப்படிப் பிரிந்துவிடும். சோடிய உப்புக்கு இது சரிவராது. கொதிக்கக் கொதிக்க நீர் குறைந்து உப்பு இன்னும் செறியும். நீரை மென்மையாக்கும் உப்புப் போடும் கருவி வீட்டில் இருந்தால் அந்த நீரும் சாடிக்கு வேண்டாம். அது கல்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. சவர்க்காரம் நுரைக்கும், செடி சாகும்.

ஒரு பரல் மழை

வன்னியில் இதற்கு மலிவான, முழுமையான தீர்வு வானத்திலிருந்து வருகிறது. ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை மார்கழி வரை கொட்டும், சில வருடம் தை வரை நீளும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 20 சதுர மீற்றர் தாழ்வாரத்தில் 15 மில்லிமீற்றர் மழை பெய்தால் 300 லீற்றர், தெறிப்பும் வழிவும் போக 240 லீற்றராவது கைக்கு வரும். மாரியில் 15 மில்லிமீற்றர் என்பது ஒரு பின்னேர மழை.

எவ்வளவு சேமித்தால் போதும்? பத்துச் சாடி, ஒரு தடவைக்குச் சாடிக்கு 300 மில்லிலீற்றர், கிழமைக்கு மூன்று தடவை என்றால் கிழமைக்கு 9 லீற்றர். வைகாசி தொடக்கம் புரட்டாதி முடியும்வரை சுமார் 22 கிழமை. பெருக்கினால் 198 லீற்றர். கடைகளில் கிடைக்கும் நீலப் பிளாஸ்ரிக் பரல் ஒன்றின் கொள்ளளவே 200 லீற்றர்தான்! பத்து ஓர்கிட்டைக் கோடை தாண்டவைக்க ஒரு பரல் மழைநீர் போதும். மாசி முதல் சித்திரை வரைக்கும் சேர்த்து வேண்டுமென்றால் இரண்டாவது பரல். இதற்குப் பெரிய மழைநீர்த் தாங்கி கட்டவேண்டிய அவசியமில்லை. ஆனால் சாடி எண்ணிக்கை முப்பதைத் தாண்டினால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

பிடிக்கும் முறையில் பிழை விட்டால் மழைநீரும் கெடும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். அது கூரையில் எட்டு மாதம் கிடந்த தூசி, காகத்தின் எச்சம், சருகுச் சாறு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்காற்றுக் கொண்டுவந்த உப்பும் அதில் சேரும். இரண்டு மூன்று நல்ல மழை போனபின், அதிலும் அன்றைய மழையின் முதல் இருபது நிமிடத்தை வெளியே விட்டுவிட்டு, பீலியின் கீழ் பரலை வையுங்கள். ஓட்டுக் கூரை நல்லது. புதிதாகப் போட்ட நாகத் தகரத்திலிருந்து நாகம் (சிங்க்) என்ற உலோகம் கரைந்து வரும், ஒரு மாரி போகட்டும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியும் அப்படித்தான், சுண்ணாம்பைக் கக்கி நீரின் பி.எச். அளவை ஏற்றும். நாலைந்து தடவை நிரப்பி வெளியேற்றியபின் பாவியுங்கள்.

பரலில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். களைநாசினி வந்த பரலைக் கழுவிச் சுத்தமாக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. வெளிச்சம் புகாத நிறமாகவும் நிழலில் வைக்கப்பட்டதாகவும் இருந்தால் பாசி பிடிக்காது. வாயைச் சன்ன வலையால் இறுக்கிக் கட்டி மூடியும் போடுங்கள். ஓர்கிட்டைக் காப்பாற்றப் போய் வீட்டில் டெங்கு வளர்க்கக்கூடாது.

மழைநீர் கைவசம் இல்லாதபோது

குழாய் நீர் வரும் இடங்களில் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். உண்மையில் குழாய் நீரில் இருக்கும் சிறு அளவு குளோரின் ஓர்கிட்டை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, ரி.டி.எஸ். எண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும். வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. மணம் முழுவதும் அடங்கும்வரை அந்தக் கிணற்று நீரைச் சாடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வவுனியாவிலும் சுற்றுப்புறங்களிலும் இப்போது ஆர்.ஓ. தண்ணீர், அதாவது சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர், வாங்கிக் குடிக்கும் வீடுகள் நிறைய. அதன் எண் பெரும்பாலும் 50க்குக் கீழே இருக்கும், ஓர்கிட்டுக்கு அருமை. சுவைக்காகக் கனியுப்புச் சேர்த்து விற்பதும் உண்டு, ஆகவே ஒருமுறை அளந்து பாருங்கள். வீட்டிலேயே கருவி வைத்திருப்பவர்கள் கழிவுக் குழாயால் வரும் நீரை "வீணாகுதே" என்று சாடிக்குத் திருப்பிவிடுவது வழக்கம். பாவம், கருவி பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தக் குழாயில்தான் வருகிறது. அதைத் தென்னைக்கு விடுங்கள்.

குளத்து நீர் மாரி முடிந்த கையோடு மென்மையாக இருக்கும், கோடை முற்றும்போது மாறிவிடும். வடிகட்டிப் பாவிக்கலாம். வயலுக்குள் புகுந்து வெளியே வரும் வாய்க்கால் நீரைத் தொடவேண்டாம். நெல்லுக்குக் களைநாசினி அடித்த கிழமையில் அது ஓர்கிட்டுக்கு நஞ்சு. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர் ஏறக்குறைய உப்பில்லாதது, கருவி சுத்தமாக இருந்தால் சமயத்துக்கு உதவும். பற்றரிக்கு விடும் காய்ச்சிவடித்த நீரும் உதவும்தான், ஆனால் அதே தட்டில் அதே மாதிரிப் போத்தலில் பற்றரி அமிலமும் இருக்கும். லேபலை இரண்டு தடவை வாசிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு நல்லது. ஓர்கிட் சாடியில் மாப்பொருள் புளித்து பூஞ்சணமும் நத்தையும்தான் வரும்.

இருப்பதைக் கலந்து நீட்டுவது எல்லாவற்றிலும் புத்தியான வழி. கிணறு 800, மழைநீர் 10 என்று வையுங்கள். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் சேர்த்தால் கலவை ஏறக்குறைய 207. ஏழு பங்குக்கு ஒரு பங்கு என்றால் 109. இப்படிக் கலப்பதில் இன்னொரு இலாபமும் உண்டு. வெறும் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ மட்டும் வருடக்கணக்கில் ஊற்றினால் கல்சியமும் மக்னீசியமும் கிடைக்காமல் புது இலை நுனியிலிருந்து கருகும். இதற்கென்று தனியாகச் சத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். நம்முடைய கடினக் கிணற்றில் அந்தச் சத்து இலவசமாகவே இருக்கிறது, அளவுதான் கூடிப்போயிற்று. சோடியக் கிணற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

ஊற்றும் விதம்

காலை ஒன்பது மணிக்கு முன் ஊற்றுங்கள். மத்தியானத்தில் கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் நீரையோ வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயின் முதல் நீரையோ கையில் பிடித்துப் பாருங்கள், கை பின்வாங்கும். அந்தச் சூட்டில் வேர் வெந்துவிடும். பலனொப்சிஸின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் கடதாசியால் ஒற்றி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் குருத்து அழுகி இலை கையோடு கழன்று வரும். மாலையில் ஊற்றி இரவு முழுக்க ஈரமாய் விடுவதால்தான் இது அதிகம் வருகிறது.

ஒவ்வொரு முறையும் அடியால் வடியும்வரை ஊற்றுங்கள், வடிந்ததைத் தட்டில் தேங்கவிடாதீர்கள். மாதம் ஒருமுறை கழுவல்: சாடியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல நீரை எடுத்து, பாதியை மெதுவாக ஊற்றி, உப்புக் கரைய பத்து நிமிடம் விட்டு, மீதியையும் ஊற்றுங்கள். மீற்றர் இருந்தால் கடைசியில் வடியும் நீரை அளக்கலாம். ஊற்றியது 100, வடிவது 600 என்றால் இன்னொரு சுற்றுத் தேவை. ஒரே வாளியில் எல்லாச் சாடிகளையும் வரிசையாக அமிழ்த்தி எடுப்பது வேலையைக் குறைக்கும், ஒரு சாடியின் நோயை எல்லாவற்றுக்கும் பரப்பவும் செய்யும்.

பசளையும் உப்புத்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. கரையும் பசளை ஒரு லீற்றருக்குக் கால் கிராம் போதும். ஒரு மட்டத் தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம், அது 20 லீற்றருக்கு. கிழமையில் ஒரு நாள் அதை ஊற்றி, மற்ற நாட்களில் வெறும் நீர். கிணறு 500 இருக்கும்போது மேலே பசளையையும் கரைத்து, "சத்துக் குடுத்தும் வளரேல்லை" என்று இன்னும் கூட்டுவதுதான் அதிகம் நடக்கிறது.

மற்ற வீட்டுச் செடிகளைப் பற்றிச் சுருக்கமாக: மணிப்பிளான்ட், சான்செவீரியா, குரோட்டன் எல்லாம் கிணற்று நீரில் கவலையில்லாமல் வாழும். மழைநீரை அவற்றுக்குச் செலவழிக்கவேண்டாம். அந்தூரியமும் பன்னங்களும் ஓர்கிட்டுக்கு அடுத்தபடி நோஞ்சான்கள். டிரசீனா, குளோரோபைற்றம் இரண்டிலும் இலை நுனி மட்டும் தொடர்ந்து கருகினால் புளோரைட்டைச் சந்தேகிக்கலாம். வவுனியாப் பக்கத்துக் குழாய்க்கிணறுகள் சிலவற்றில் அது கூடுதல். திறந்து வைத்தாலும் கொதிக்கவைத்தாலும் புளோரைட் போகாது, மழைநீரோ ஆர்.ஓ. நீரோதான் வழி.

ஏற்கெனவே உப்பேறிய சாடியை அடையாளம் காண்பது எளிது. கரியின் மேலும் மண்சாடியின் வெளிச்சுவரிலும் வெள்ளைப் பொருக்கு இருக்கும். அந்தக் கரியைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள், துவாரங்களுக்குள் புகுந்த உப்பு முழுதாக வெளியே வராது. செடியை எடுத்து, கையால் அமர்த்தினால் குழையும் வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டி, இறுக்கமான வேர்களை மட்டும் வைத்துப் புதுக் கரியிலும் ஓட்டுத் துண்டிலும் நடுங்கள். தேங்காய்ப் பொச்சுத் துண்டு சேர்ப்பதானால் அதையும் அளக்கவேண்டும். கரையோரத்தில் உவர்நீரில் ஊறிய பொச்சிலிருந்து நிறைய உப்பு வரும். வாளி நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, நீரை மாற்றி, மீண்டும் ஒரு நாள் ஊறவிட்டு மீற்றரை விடுங்கள். ஊறிய நீரின் எண்ணும் நீங்கள் ஊற்றிய நீரின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அதற்கு நாலைந்து நாள் பிடிக்கலாம்.